மெய்ந்நிகர்க் காட்சியும் உடற்கூற்றுக் கல்வியும்

மருத்துவம் பயிலும் மாணாக்கர் உடலின் உள்ளமைப்பை அறிவது எங்ஙனம் என்பது பழைய வினா. 1543ஆம் ஆண்டிலே பேசல் நகரில் வெளிவந்த வெசாலியசின் பெருநூல், சடலத்தைத் தம் கையாலே கூறுபடுத்தி நோக்குதலே அதற்கு வழியென நிலைநாட்டிற்று. மானிப்பாயிலே 19ஆம் நூற்றாண்டில் தமிழ்வழி மருத்துவங் கற்பித்த கிறீன் அங்காதிபாத நூல்களைத் தமிழாக்கியமை அம்மரபு நம்மிடை வந்த கதையாகும். இந்நாளிலே கண்களில் அணியும் காட்சிக் கருவியொன்று அக்கல்விக்குத் துணையாக வந்துள்ளது.

இரு கண்களுக்கும் சிறிது வேறுபட்ட இரு படங்களை இக்கருவி காட்ட, மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழமுடையதாகக் கொள்கின்றது. தலை திரும்புந்தோறும் கணினி அதற்கியையப் படத்தையும் மாற்றும். இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். குரல்வளைத் தசைகளை இயக்கும் மீள்நரம்பு, இடப்பக்கத்தில் மார்பினுள்ளே வேகசு நரம்பினின்று பிரிந்து, பெருநாடி வில்லின் கீழாக வளைந்து, மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் வழியே கழுத்துக்கு மீள ஏறுகின்றது. வலப்பக்கத்திலோ காறையென்பின் கீழுள்ள நாடியைச் சுற்றி மேற்செல்லும். தட்டையான தாளில் இது கோடுகளின் சிக்கலாகவே தோன்றும். கருவியை அணிந்த மாணாக்கனோ பெருநாடியின் பின்புறஞ் சென்று நோக்கலாம், அதனை அகற்றலாம், மீள வைக்கலாம். சடலத்தில் ஒருமுறை அறுத்ததை மீளப் பொருத்துதல் இயலாது.

இத்தகைய முப்பரிமாணப் படங்கள் பலவற்றுக்கு அடிப்படையாயமைந்தது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1994இல் வெளியிட்ட ஆணுடற் படத்தொகுதி. 1993இல் டெக்சாசு மாநிலத்தில் மரணதண்டனை பெற்ற ஒருவன் அறிவியலுக்கு அளித்த உடல் அது. அதனை உறையச் செய்து, மில்லிமீற்றர் மில்லிமீற்றராகச் சீவி, 1,871 குறுக்குவெட்டுப் படங்கள் எடுத்தனர். சத்திரசிகிச்சையால் முன்னரே அகற்றப்பட்டிருந்தமையால் அவற்றிலே குடல்வால் இல்லை! ஓர் உடல் எல்லா உடல்களுக்கும் பிரதிநிதியாகும்போது நேரும் இடர் இதுவே.

படத்திலே நரம்பு மஞ்சள், நாடி சிவப்பு. பாடஞ்செய்த சடலத்திலோ யாவும் ஏறக்குறைய ஒரு நிறம். விரலால் உணர்ந்தே வேறுபாடு காணல் வேண்டும். ஆதலின் படத்திலே வழியறிந்து, பின்னர்ச் சடலத்திலே கைவைத்தல் தக்கதாம். படமே போதுமென்று சடலத்தை ஒழித்தல் தகாது. மேலே கூறிய வலப்பக்க நரம்பு மிகச் சிலரிடத்து நாடியைச் சுற்றாது நேரே குரல்வளையை அடைவதுண்டு. உடலுக்கு உடல் வேறுபடும் என்னும் விழிப்பின்றித் தைரொயிட்டுச் சுரப்பியில் கத்தி வைப்பவர் அதனை அறுத்துவிடல் கூடும். மயக்கந் தெளிந்தெழும் நோயாளியின் குரல் அப்பொழுது கம்மியிருக்கும்.