“கல்தானே” என்று இருந்துவிடலாமா?

“கல் இருப்பது பல வருடமாகத் தெரியும் டாக்டர். அது பாட்டுக்கு இருக்கிறது.” போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர் எனப் பள்ளத்தாக்கின் பல ஊர்களிலிருந்தும் வரும் பெரியவர்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. சிறுநீர்ப்பையில் தங்கிய கல் நெடுநாள் அப்படியே இருப்பது நல்லதன்று. அதற்கான காரணத்தை நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிந்திருத்தல் வேண்டும்.

சிறுநீர்ப்பைக் கல் பெரும்பாலும் வயது முதிர்ந்த ஆண்களுக்கே வருகிறது. புரோஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும்போது, பை முழுவதுமாகக் காலியாவதில்லை. தேங்கி நிற்கும் சிறுநீரில் உப்புகள் படிந்து கல்லாகின்றன. நீண்ட நாள் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும், தண்டுவடக் காயம் அடைந்தவர்களுக்கும் இவ்வாறு நேரலாம். திராட்சைத் தோட்டத்திலோ, மலைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டத்திலோ வேலை செய்வோர், ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். அதனால் சிறுநீர் செறிவடைந்து, கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது.

மண்வெட்டி பிடிக்கும் உள்ளங்கை நாளடைவில் காய்த்துப்போவதை நாம் அறிவோம். கல் ஆண்டுக்கணக்கில் உராய்ந்து, கிருமித்தொற்றும் சேர்ந்துகொண்டால், சிறுநீர்ப்பையின் உட்புறமும் ஏறத்தாழ அவ்வாறே மாறுகிறது. அங்குள்ள செல்கள் தோலின் செல்களைப் போலத் தட்டையாகின்றன. அம்மாற்றம் சிலருக்குச் செதில் செல் புற்றுநோயில் முடிவதுண்டு. எகிப்தில் ஒருவகை ஒட்டுண்ணியின் முட்டைகள் சிறுநீர்ப்பைச் சுவரில் தங்கி, இதே வகைப் புற்றுநோயை உண்டாக்கின. நெடுங்கால உறுத்தலே இரண்டிற்கும் பொதுவானது.

இதைப் படித்து எவரும் அஞ்ச வேண்டா. கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதன்மையான காரணம் பீடி, சிகரெட் புகைப்பதே. கல்லும் புகையும் ஒருவரிடம் சேர்ந்திருப்பின் கூடுதல் கவனம் தேவை.

எங்களுக்குப் பெரிதும் கவலை தருவது வேறொன்று. சிறுநீரில் இரத்தம், எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை இரண்டு நோய்களுக்கும் பொதுவான அறிகுறிகள். இரத்தத்தைக் கண்டதும் “கல் உறுத்தியிருக்கும்” என்று நாமே முடிவு செய்துகொண்டால், புற்றுநோய் கல்லின் பின்னே மறைந்து வளர இடமளித்துவிடுவோம். வலியின்றி ஒருமுறை இரத்தம் வந்து தானே நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். ஸ்கேனில் கல் தெரியலாம். சிறு கட்டி தெரியாமலும் போகலாம். ஆகவேதான் மெல்லிய கருவியைச் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி பரிசோதனை செய்யப்படுகிறது. ஐயத்திற்கிடமான இடம் இருப்பின் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கப்படும்.

வாழைத்தண்டுச் சாறு அருந்துவோர் பலர். உணவாக அது நல்லதே. ஆனால் இறுகிப் பெரிதான கல்லை அது கரைத்துவிடும் என்று காத்திருத்தல் கூடாது. கல்லை உடைத்து அகற்றிய பின்னரும், அது உருவாகக் காரணமான அடைப்பைச் சரிசெய்தல் அவசியம். இல்லையேல் கல் மீண்டும் சேரும்.

கூச்சத்தால் இவ்வறிகுறிகளை வீட்டில் மறைப்போர் ஆண்களிலும் பெண்களிலும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர் இரவில் பலமுறை எழுகிறாரா, சிறுநீர் கழிக்கச் சிரமப்படுகிறாரா, சிறுநீரின் நிறம் மாறியுள்ளதா என்று கனிவோடு கேளுங்கள். பழைய ஸ்கேன் அறிக்கைகளுடன் அவரை அழைத்து வாருங்கள். தொடக்கத்திலேயே கண்டறியப்படும் நோய்க்குச் சிகிச்சை எளிது.