ஒரு சோறு போதுமா?

அடுப்பில் பானை கொதிக்கிறது. அம்மா அகப்பையால் கிளறிவிட்டு, ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறார். “வெந்துவிட்டது” என்று சொல்லிக் கஞ்சியை வடிக்கத் தொடங்குகிறார். பானையில் ஆயிரக்கணக்கான பருக்கைகள் உள்ளன. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு அத்தனையையும் பற்றி எப்படிச் சொல்ல முடிகிறது? ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழி எப்போதும் உண்மைதானா?

அம்மா கிளறிய பிறகுதான் பருக்கையை எடுத்தார் என்பதைக் கவனித்தீர்களா? கிளறியதால் எல்லாப் பருக்கைகளும் ஏறக்குறைய ஒரே அளவு சூடு பெற்றன. ஆகவே எந்தப் பருக்கையும் மற்றவற்றின் சார்பில் பேசலாம்.

இனி, கிளற முடியாத ஒரு பானையைப் பார்ப்போம். அதுதான் நெல் வயல்!

ஒரு கிராமத்தில் இந்தப் பருவத்தில் ஹெக்டேருக்கு எவ்வளவு நெல் விளைந்தது? எல்லா வயல்களின் நெல்லையும் நிறுத்துப் பார்க்க ஆள் ஏது, நேரம் ஏது? ஆகவே சில வயல்களில், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பாத்தியை மட்டும் அறுத்துப் பார்க்கிறார்கள். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். கிராமத்தின் வயல்கள் எல்லாம் சேர்ந்து ‘முழுமைத் தொகுதி’. அறுத்துப் பார்க்கும் பாத்திகள் ‘மாதிரி’.

எந்த இடத்தில் அறுப்பது? வாய்க்கால் ஓரத்தில் பயிர் செழித்திருக்கும், மேட்டில் வாடியிருக்கும். ‘நல்ல இடமாகப் பார்த்து’ அறுத்தால் விளைச்சல் கூடித் தெரியும். இரக்கப்பட்டு மோசமான இடத்தைத் தேர்ந்தால் குறைந்து தெரியும். நேர்மையான மனிதரின் கண்கூடத் தன்னை அறியாமல் ஒரு பக்கம் சாயும். எனவே தேர்வைக் கண்ணிடமிருந்து பறித்து எண்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். சீட்டுக் குலுக்குவதுபோல் அமைந்த ‘சமவாய்ப்பு எண்கள்’ எந்த வயல் என்பதை முடிவு செய்கின்றன. பிறகு வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் எத்தனை மீட்டர், அகலவாக்கில் எத்தனை மீட்டர் செல்வது என்பதையும் அவையே சொல்கின்றன. வயலைக் கிளற முடியாது. தேர்வைக் கிளறலாம் அல்லவா!

அந்த இடத்தில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட சதுரத்தைக் கயிறு கட்டி அளக்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் நெல்லுக்கு இதுவே அளவு. உள்ளே இருக்கும் பயிரை அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்து, ஈரத்திற்கு உரிய கழிவும் செய்கிறார்கள். எடுத்துக்காட்டாக, நான்கு பாத்திகளில் 9, 12, 14, 13 கிலோ கிடைத்ததாகக் கொள்வோம். சராசரி 12 கிலோ. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர்; பாத்தியோ 25 சதுர மீட்டர். எனவே 400 ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 4,800 கிலோ!

பெருக்கும்போது பிழையும் பெருகும். சராசரியில் 1 கிலோ தவறினால் ஹெக்டேருக்கு 400 கிலோ தவறிவிடும். இதில் இருவகைப் பிழைகள் உண்டு.

முதல் வகை, மாதிரிக்கு மாதிரி நேரும் ஏற்றத்தாழ்வு. இதைக் குறைக்க வழி உண்டு. பாத்திகளின் எண்ணிக்கையை 4 மடங்காக்கினால் இப்பிழை பாதியாகும். 100 மடங்காக்கினால் பத்தில் ஒரு பங்காகும். இங்கே ஒரு வியப்பு! தொகுதி எவ்வளவு பெரியது என்பது பெரும்பாலும் பொருட்டல்ல. வீட்டுப் பானையானாலும் கல்யாண அண்டாவானாலும், நன்றாகக் கிளறிவிட்டால் பதம் பார்க்க அதே ஒரு கரண்டி போதும்.

இரண்டாம் வகை பொல்லாதது. எத்தனை பாத்திகள் அறுத்தாலும் குறையாது. கயிற்றுக்கு அடியில் ஒரு நெல் தூர் நிற்கிறது. அது உள்ளேயா, வெளியேயா? ஐயம் வரும்போது கை அதை உள்ளே சேர்த்துக்கொள்ளும். 1 மீட்டர் சதுரத்தில் 1 சதுர மீட்டர் பரப்புக்கு 4 மீட்டர் எல்லை. 5 மீட்டர் சதுரத்தில் 25 சதுர மீட்டருக்கு 20 மீட்டர் எல்லைதான். அதாவது, சிறு பாத்தியில் எல்லையின் தொல்லை 5 மடங்கு! வங்காளத்தில் 1937 முதல் சணல் பயிரை மாதிரி முறையில் அளந்து வழிகாட்டியவர் பி. சி. மகலனோபிஸ். அவர் சிறு பாத்திகளை விரும்பினார். மிகச் சிறிய பாத்திகள் விளைச்சலைக் கூட்டிக் காட்டுகின்றன என்று 1940களில் பி. வி. சுகாத்மே எடுத்துக்காட்டினார். இரு பேரறிஞர்களின் இந்த வாதத்தால் நமக்குத்தான் லாபம்.

கணக்கு கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று கேட்கிறீர்களா? 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு பகுதியின் சராசரி விளைச்சல் வரையறுத்த அளவுக்குக் கீழே போனால்தான் அங்குள்ள உழவர்களுக்கு விளைச்சல் இழப்பீடு கிடைக்கும். இப்போது செயற்கைக்கோள் படங்களும் கணக்கிடத் துணை செய்கின்றன. ஆயினும் அறுவடைப் பரிசோதனை கைவிடப்படவில்லை. எல்லையில் நிற்கும் தூர்களைத் தாராளமாக உள்ளே சேர்த்தால், வறட்சியில் வாடிய ஊரும் தாளில் விளைந்த ஊராகிவிடும்!

நீங்களும் சோதித்துப் பாருங்கள். 500 புளியங்கொட்டைகளை எடுத்து, 100இல் சுண்ணாம்புக் குறி இட்டு உலரவிடுங்கள். எல்லாவற்றையும் பானையில் போட்டு நன்றாகக் கிளறி, கண்ணை மூடிக்கொண்டு 50 கொட்டைகளை எடுங்கள். குறியிட்டவை பெரும்பாலும் 7 முதல் 13 வரை இருக்கும். பத்து முறை செய்து சராசரி பாருங்கள். 10ஐ நெருங்கி வரும். ஒவ்வொரு முறையும் எடுத்தவற்றைத் திரும்பப் போட மறவாதீர்கள். பிறகு குறியிட்டவற்றை மேலே பரப்பி, கிளறாமல் எடுத்துப் பாருங்கள். ஒரு சோறு எப்போது பதம், எப்போது பதமில்லை என்பதைப் பானையே உங்களுக்குச் சொல்லிவிடும்.