மயிலாப்பூர் வீட்டில் பிறந்த ஆய்வுக்கூடம்

சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் உருவான கதை தெரியுமா?

இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன், அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன். ஹோமி பாபாவிடம் காஸ்மிக் கதிர் ஆய்வைத் தொடங்கி, மான்செஸ்டரில் முனைவர் பட்டம் பெற்றுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். புதிய இயற்பியல் அப்போது பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருக்கவில்லை. அதனால் மயிலாப்பூரில் உள்ள தம் வீடான 'ஏகாம்ர நிவாஸி'லேயே மாணவர்களைக் கூட்டிக் கருத்தரங்கு நடத்தினார். வெளிநாட்டு அறிஞர்களும் அங்கு வந்து உரையாற்றினார்கள்.

1960இல் சென்னை வந்த நோபல் அறிஞர் நீல்ஸ் போர் அந்த மாணவர்களின் திறமையைக் கண்டு மனம்திறந்து பாராட்டினார். இதனால் பிரதமர் நேருவின் கவனம் அவர்கள் பக்கம் திரும்பியது. மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் நிறுவனம் அமையத் துணை நின்றார். 1962 ஜனவரி 3ஆம் தேதி, மாநிலக் கல்லூரியில் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1983 வரை அதன் இயக்குநராக இருந்தவர் ராமகிருஷ்ணன்தான்.

கோட்பாட்டு இயற்பியல், கணிதம், கணினி அறிவியலில் உயர் ஆய்வு செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு, அவர் திறந்த வாசல் இன்றும் திறந்தே இருக்கிறது.