கரையணையும் பொழுது

மகளுக்கு மணம் முடித்து வைத்த தந்தையைப் பார்த்து, 'ஒருவாறு கரை சேர்த்துவிட்டீர்' என்று உறவினர் கூறுவது நம்மவர் வழக்கு. கடலைக் கடந்துவிட்டீர் என்று அவர்கள் கூறுவதில்லை. நீர்வழிச் செலவில் இடர் மிகுந்த இடம் கரையின் அண்மையே என்பதைப் பட்டறிந்தோர் இவ்வழக்கை வகுத்தனர் போலும். நடுநீரில் கை சற்றுத் தவறினாலும் திருத்திக்கொள்ள அகன்ற வெளி உண்டு. கரையருகே கல்லும் கட்டையும் அத்தகைய அவகாசம் தருவதில்லை.

தேயிலை மலையில் இருந்துகொண்டு படகைப் பற்றிப் பேசுவானேன் என்று கரையோர ஊர்களின் அன்பர்கள் நகைக்கலாம். நுவரெலியாவின் கிரகரி வாவி, தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைந்தது. இன்று அங்கே உல்லாசப் பயணிகளை ஏற்றிய மோட்டார்ப் படகுகள் இரைந்து திரிகின்றன. அட்டனுக்கு அப்பால் கெகல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இல் எழுந்தது. மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாகலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் எழுந்தது. களனி கங்கையின் தலையாறுகளாகிய இவ்விரண்டும் மின்னாக்கத்துக்கென மறிக்கப்பட்டவை. கடலைத் தோணியில் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், மலையுச்சியில் மீண்டும் நீர்க்கரையில் வாழ நேர்ந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இந்நீர்த்தேக்கங்களின் கரை நிலையான கரை அன்று. மின்னிலையத்துக்கு நீர் செல்லச் செல்ல மட்டம் தாழும்; மழை கொட்டினால் சில நாளில் உயரும். சென்ற மாதம் தேயிலைச் செடியோரம் அணைந்த படகு, இம்மாதம் செம்மண் சரிவின் அடியில் அணைய வேண்டிவரும். மவுசாகலையில் இன்னுமொரு சங்கடம் உண்டு. பழைய மஸ்கெலியா நகரம் அந்நீரின் அடியிலேயே கிடக்கின்றது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளிப்படுவதைக் காண மக்கள் திரள்வர். ஆனால் அவை முற்றாக வெளிப்படும் நாளைவிட, முழங்கால் ஆழத்தில் மறைந்து நிற்கும் நாளே படகோட்டிக்கு அச்சந் தருவது. கண்ணுக்குத் தெரியாத சுவரில் எஞ்சினின் விசிறி மோதினால் அதன் இதழ் முறியும். படகு செலுத்துவாரின்றித் திசைகெட்டு நிற்கும். ஆதலால் அங்கே படகோட்டுபவன் நீருக்கு மேலுள்ள ஊரோடு கீழுள்ள ஊரையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, கரையணையும் முறை. வண்டிக்குத் தடை உண்டு, படகுக்கு இல்லை. எஞ்சினை நிறுத்தினாலும் படகு தன் வேகத்தால் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே வேகத்தைக் கரைக்கு வெகு தூரத்திலேயே, சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். விரைந்து வந்து திடீரெனக் குறைப்பவனுக்கு ஒரு தண்டனை காத்திருக்கிறது. அவன் படகு எழுப்பிய அலையே பின்தொடர்ந்து வந்து, தாழ்ந்த பின்விளிம்பின் மேலேறி உள்ளே புகும். பாரம் ஏற்றிய சிறு படகு இவ்வாறு நீர் நிறைந்து அமிழவும் கூடும். வேறொரு நுட்பமும் உண்டு. பின்புறத்தில் எஞ்சின் பூட்டிய படகுக்குத் தனிச் சுக்கான் இல்லை. விசிறி தள்ளும் நீரே சுக்கானின் வேலையைச் செய்கிறது. விசிறி நின்றால் திருப்பும் ஆற்றலும் போய்விடும். ஆதலால் அச்சத்தில் எஞ்சினை அணைத்துவிடுபவன், படகைக் காற்றின் கையிலே ஒப்படைத்தவன் ஆவான்.

காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு அணைவதே நன்று. அப்போது காற்றே தடையாகி உதவும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் காற்றை யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பர். மலைநாட்டில் அது பள்ளத்தாக்கு வழியே நுழைந்து, குன்றைச் சுற்றித் திசைமாறித் திடீரென அறையும். ஆகவே அணையுமுன் கரையிலுள்ள புகையையோ மரக்கிளையையோ ஒருமுறை நோக்குதல் வேண்டும். காற்று கரைக்குத் தள்ளுமாயின், சில முழம் விலகியே படகை நிறுத்தினால் மீதியைக் காற்றே செய்யும். கரையிலிருந்து தள்ளுமாயின், அணியத்தைச் சற்றுக் கூர்மையான கோணத்தில் கொண்டு சென்று முதலில் முன்கயிற்றை மாட்டல் வேண்டும். சேற்றுக்கரையாயின் எஞ்சினை நிறுத்தி மேலே சாய்த்து, துடுப்பால் ஊன்றிச் செல்வதே தக்கது. எஞ்சின் இருக்கிறதென்று துடுப்பை வீட்டில் வைத்துவிட்டு வருவோரை என்னென்பது!

உயரமும் ஒரு பகை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றுச் செறிவு குறைவதால், சாதாரண எஞ்சினின் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு அங்கே இழக்கப்படும். பின்னோக்கி இயக்கிப் படகை நிறுத்தலாம் என்று கடற்கரைப் பழக்கத்தில் நம்பி வருபவன் இதனை மனங்கொள்ள வேண்டும். தண்ணீரோ குளிர்ந்தது, விழுந்தவன் திடுக்கிட்டு மூச்சுவாங்கும்போதே நீரைக் குடிப்பான். நீந்தத் தெரியும் என்ற செருக்கு அங்கே உதவாது. மிதவை அங்கியே உதவும். அதுவும் இருக்கையின் அடியில் கிடந்தால் பயனில்லை. அவ்வாறே எஞ்சினின் நிறுத்துகயிற்றை ஓட்டுபவன் தன் உடலோடு பூட்டிக்கொண்டால், அவன் தவறி விழுந்தாலும் எஞ்சின் தானே நின்றுவிடும். விசிறி ஒருவரையும் வெட்டாது.

ஆசிரியர்களாகிய நமக்கும் இங்கே ஒரு கடமை இருக்கிறது. அம்பி, பஃறி, திமில், புணை என்று மரக்கலப் பெயர்களை மாணவர் ஒப்பிக்கக் கேட்டு மகிழ்கிறோம். அணியம் முன்புறம், அமரம் பின்புறம் எனப் பொருளும் சொல்லித் தருகிறோம். ஆனால் நீர்த்தேக்கக் கரையில் வாழும் சிறுவனுக்கு, படகில் எவ்வாறு அமர்வது என்று ஒருநாளும் சொல்லித் தந்தோமல்லேம். கரை கண்டதும் எல்லோரும் ஒருங்கே எழுந்து ஒரு பக்கம் சாய்வதே சிறு படகைக் கவிழ்க்கும். படகுக்கும் துறைமேடைக்கும் இடையே கையை நீட்டித் தடுக்க முயல்பவன் விரல்களை இழப்பான். முன்கயிறு கட்டப்படும் வரை அமர்ந்திருத்தல், பின்பு ஒருவர்பின் ஒருவராக, படகின் நடுவழியே தாழக் குனிந்து நடந்து இறங்குதல் ஆகிய இரண்டையும் கற்பிக்க அரைமணி நேரம் போதும். வகுப்பறை வாங்குகளை வரிசையாக இட்டே இதனைப் பழக்கலாம்.

எல்லோரும் இறங்கிய பின்னரே அமரத்தில் இருப்பவன் எழுவான். எரிபொருட் குழாயை மூடி, உட்புகுந்த நீரை இறைத்து, முன்கயிற்றையும் பின்கயிற்றையும் தறியில் கட்டுவான். இரவோடிரவாக நீர்மட்டம் இறங்கினால் படகு கயிற்றில் தொங்கும் ஆதலால், இரண்டையும் சற்று நெகிழவிட்டே கட்டுவான்.