ரேடாரில் 'வீடியோ' எங்கிருந்து வருகிறது?

வீடியோ என்றதும் நமக்கு சினிமாதான் ஞாபகம் வரும். ரேடாரில் வரும் வீடியோ படமே அல்ல. டிடெக்டரைத் தாண்டி வெளியே வரும் பல்ஸ், அவ்வளவுதான்!

எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்தவன் நான்தான் முதல். அம்மா கேட்டபோது, "கிணத்துக்குள்ள கூப்பிட்டா குரல் திரும்பி வருதில்லையா, அதுமாதிரி" என்றேன். புரிந்துவிட்டது! ஆனால் ரேடாருக்குத் திரும்பி வரும் குரல் மிகமிக மெலிந்தது. தூரம் இரு மடங்கானால் எதிரொலியின் சக்தி 16-ல் ஒரு பங்காகிவிடும். பல நூறு கிலோவாட் அனுப்பினாலும், சில சமயம் கிடைப்பது ஒரு வாட்டில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குதான்.

இதை நேராக டையோடுக்குக் கொடுத்தால் என்ன? வைவாவில் கேட்கக்கூடிய கேள்வி இது! சிறிய சிக்னலுக்கு டையோடு 'ஸ்கொயர் லா' முறையில் வேலை செய்யும். உள்ளே வோல்டேஜ் 10-ல் ஒரு பங்கானால் வெளியே 100-ல் ஒரு பங்காகும். எதிரொலி நாய்ஸில் மூழ்கிவிடும். ஆகவே முதலில் மிக்ஸரில் லோக்கல் ஆஸிலேட்டருடன் கலந்து, 30 அல்லது 60 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப். ஆக இறக்குகிறார்கள். பெரும்பகுதி கெயின் இங்கேதான். 100 டெசிபெல் என்றால் சக்தியில் ஆயிரம் கோடி மடங்கு!

பிறகுதான் டிடெக்டர். டையோடு ஒரு பாதி அலையை மட்டும் விடும், கெப்பாசிட்டர் ஐ.எஃப்.-ஐ வடிகட்டும், மிஞ்சுவது பல்ஸின் உருவம். ஆர்.சி. மதிப்பு அதிகமானால் பல்ஸுக்கு வால் முளைத்து, அடுத்தடுத்த இரண்டு விமானங்கள் ஒன்றாகத் தெரியும். குறைந்தால் ஐ.எஃப். சிற்றலைகளும் உள்ளே வந்துவிடும்.

அடுத்தது வீடியோ ஆம்ப்ளிஃபயர். ஆடியோ ஆம்ப்ளிஃபயர் 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஒரு மைக்ரோசெகண்ட் பல்ஸுக்கு ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே சீரான கெயின் வேண்டும். இல்லையென்றால் பல்ஸின் விளிம்பு சரிந்துவிடும். ஒரு மைக்ரோசெகண்ட் தப்பினால் தூரத்தில் 150 மீட்டர் தப்பு! லோடு ரெசிஸ்டரோடு ஒரு சின்ன காயில் சேர்ப்பது இந்த விளிம்பைக் காப்பாற்றத்தான்.

கடைசியாக ஒன்று. 1941 டிசம்பர் 7, காலை 7.02 மணி. ஹவாயில் ஓபானா என்ற இடத்தில் எஸ்.சி.ஆர்.-270 ரேடார் 130 மைலுக்கு அப்பால் ஒரு பெரிய எதிரொலியைக் காட்டியது. ரிசீவர் தன் வேலையைச் சரியாகச் செய்தது. இயக்கியவர்களும் உடனே போன் செய்தார்கள். 'நம் விமானங்களாக இருக்கும், கவலை வேண்டாம்' என்ற பொருளில் பதில் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் பெர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது.

நாய்ஸிலிருந்து சிக்னலைப் பிரித்து நம் கண்முன் வைப்பதோடு சர்க்யூட்டின் வேலை முடிகிறது. அதற்குமேல் உள்ள வேலை நம்முடையது, நண்பர்களே!