ஜேன் ஆஸ்டின் ஆச்சி வளவுக்கு வந்த கதை

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க, தரை சில்லுன்னு இருக்கும்" என்றார் கதவைத் திறந்துவிட்ட பெரியவர். காரைக்குடிப் பக்கம் ஒரு நாட்டுக்கோட்டையார் வீடு. சித்திரை வெயிலில் வெந்த கால் ஆத்தங்குடிக் கல்லில் பட்டதுமே எனக்குள் ஏ.ஆர்.ரஹ்மான் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பர்மாத் தேக்குத் தூணைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடலாமா என்று மனசு துள்ளியது, முழங்கால் சம்மதிக்கவில்லை. பின்னே? ஐஸ்வர்யா ராய் ஆடிப்பாடியது இந்த மாதிரி ஒரு வீட்டில்தானே!

அந்தப் படம், 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்', 2000 மே மாதம் வந்தது. ஜேன் ஆஸ்டின் 1811-ல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'தான் அதன் விதை. இந்திக்காரர்கள் ஆஸ்டினின் 'எம்மா'வை டெல்லிப் பெண்ணாக்கி 'ஆயிஷா' எடுத்தது 2010-ல். அதற்குப் பத்து வருஷம் முன்பே இயக்குநர் ராஜீவ் மேனன் பாலிவுட்டிலிருந்து தபுவையும் ஐஸ்வர்யாவையும் கூட்டிவந்து, சுஜாதாவின் வசனத்தைக் கையில் கொடுத்துச் செட்டிநாட்டில் குடிவைத்துவிட்டார். (ஐஸ்வர்யாவுக்கு ஆஸ்டின் ருசி விடவில்லை. 2004-ல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'.)

ஊட்டி பங்களா இருக்க, ஏன் இந்த வீடு? வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி வரிசையாக இருந்த சின்ன அறைகளைக் காட்டினார் பெரியவர். கல்யாணமான ஆம்பிளைப் பிள்ளைக்கு ஒன்று வீதம். "இப்ப எத்தனை பங்குங்க?" என்றேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். "பொம்பளைப் பிள்ளைகளுக்கு?"

"அவுகளுக்குத்தான் சீர் செஞ்சாச்சுல்ல!"

அடடா! ஆஸ்டினின் நாவல் மொத்தமும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டதே. அப்பா செத்ததும் எஸ்டேட் ஆண் வாரிசுக்கு. அம்மாவும் மூன்று பெண்களும் மூட்டை கட்ட வேண்டும். அங்கே இங்கிலாந்துக் கிராமத்துக் குடிலுக்கு, இங்கே சென்னைக்கு. தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் பெண்ணுக்கும் சமபங்கு கொடுத்துவிட்டதால்தானோ என்னவோ, படத்தில் தாத்தாவின் உயில் ஒன்று உள்ளே நுழைகிறது.

மற்ற மாற்றங்களைப் பார்த்தால் இன்னும் குஷி. நாவலின் கர்னல் பிராண்டன் இந்தியாவில் பட்டாளத்தில் இருந்தவர். நவாபு, பல்லக்கு என்று அவரைக் கேலி செய்வான் நாயகி மரியானின் காதலன் வில்லோபி. படத்தில் அவர்தான் இலங்கைக்குப் போன அமைதிப் படையில் காலை இழந்து திரும்பும் மேஜர் பாலா, மம்மூட்டி. வில்லோபியோ அப்பாஸ், பைனான்ஸ் கம்பெனி முதலாளி! தொண்ணூறுகளில் பைனான்ஸில் பணம் போட்டுத் தலையில் துண்டு போட்ட தமிழனுக்கு வேறு விளக்கம் வேண்டுமா? மரியான் உருகிய கவிஞர் கூப்பருக்குப் பதில், படத்தின் மரியானான மீனாட்சிக்கு (ஐஸ்வர்யா) பாரதி.

பாரதி என்றதும் சொல்லியாக வேண்டும்: காரைக்குடிக்காரர் ஏவி.மெய்யப்பன் ஊருக்குப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு எடுத்த 'நாம் இருவர்' 1947 பொங்கலுக்கு வந்தது. அதில் டி.கே.பட்டம்மாள் பாடியதும் பாரதிதான். அந்த மண்ணுக்கே அவர் மறுபடி வந்திருக்கிறார்.

எனக்கு மிகப் பிடித்த குறும்பு அஜித். வீட்டைப் படப்பிடிப்புக்குப் பார்க்க வரும் சினிமாக்காரன் வேஷம் அவருக்கு. நிஜ யூனிட் நிஜ வீட்டுக்குள் நின்றுகொண்டு, இல்லாத யூனிட்டுக்கு வீடு கேட்கிறது!

நிஜ யூனிட் வந்தால் என்ன நடக்கும் என்று பெரியவர் சொல்லச் சொல்லச் சிரிப்புதான். உச்சி வெயில் வளவில் நேராக விழும். மேலே வெள்ளைத் துணி கட்டி அதை மட்டுப்படுத்துவார்கள். டிராலி தண்டவாளத்துக்கு அடியில் சாக்கு விரித்தால்தான் பூக்கல்லில் கீறல் விழாது. "சுவத்துல மட்டும் ஆணி அடிக்க விட மாட்டேன்" என்று சுவரைத் தடவினார். நானும் தடவினேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. பீங்கான் தட்டு மாதிரி வழுவழுப்பு, என் முகம் மங்கலாகத் தெரிந்தது.

வாசல் வரை வந்து வழியனுப்பினார். செருப்பை மாட்டும்போது மெல்லக் கேட்டார்: "வீடு பிடிச்சிருக்குல்ல? ஷூட்டிங் எப்பங்க?"