மருந்துப் பொட்டலமும் போலி மின்னஞ்சலும்

தொடர் சிகிச்சையில் இருப்போர் பலர் மருந்துகளை இணையவழி வாங்குகின்றனர். பொட்டலத்தை எதிர்பார்த்திருக்கும் வேளையில், “முகவரி தவறு, 24 மணி நேரத்தில் திருத்தாவிடில் மருந்து திருப்பி அனுப்பப்படும்” என்று அமேசான் பெயரில் மின்னஞ்சல் வந்தால் மனம் பதறும். மோசடியாளர் நம்பியிருப்பது அந்தப் பதற்றத்தையே.

நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் எவரும் ஒட்டிவிடலாம். அனுப்புநர் முகவரியில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் ஐயுறுங்கள். முகவரி சரியாகத் தோன்றினாலும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். சிக்கல் உண்மையெனில் அங்கும் தெரியும்.

விவரங்களைக் கொடுத்துவிட்டால், உடனே வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள், 1930 என்னும் எண்ணில் புகார் அளியுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். வங்கிக்குத் தெரிவித்த பின் நேரும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதி. ஆகவே தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் சிகிச்சைக்குச் சேர்த்த பணத்தைக் கரைக்கக்கூடும்.

குடும்பத்தாருக்கு நாங்கள் கூற விரும்புவது ஒன்று: ஏமாந்த முதியவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். நோயை மறைப்பதைப் போலவே, அச்சத்தால் இதை மறைப்பதும் இழப்பைப் பெருக்கும். முதலில் தொலைபேசியை எடுங்கள், ஆறுதலாகப் பேசுங்கள்.